புது ஸ்போர்ட்ஸ் காருக்குக் கூடுதல் பவர்... வாரன்ட்டிக்கு வேட்டு வைக்காமல் என்னவெல்லாம் செய்யலாம்?

கார் வீட்டுக்கு வந்து, கொப்புடையம்மன் கோயிலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி மூன்று வாரம்கூட ஆகியிருக்காது. அதற்குள் பையன் யூடியூபில் 'ஸ்டேஜ் ஒன் ரீமேப்' வீடியோ பார்த்துக்கொண்டிருப்பான். "முப்பது, நாப்பது குதிரை கூடும்ப்பா. ஒரு மணி நேர வேலைதான்!" என்பான். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலேயே கேட்பார்: "வாரன்ட்டி?"

செட்டிநாட்டு வீடுகளில் வரவு செலவு தெரியாமல் யாரும் வளர்வதில்லை. அந்த ஒரு சொல் கேள்விக்குப் பையனிடம் பெரும்பாலும் பதில் இருக்காது. "அதெல்லாம் கண்டுபிடிக்க முடியாதுப்பா" என்று இழுப்பான். கண்டுபிடிக்க முடியுமா, முடியாதா? பவரும் வேண்டும், வாரன்ட்டியும் வேண்டும் என்றால் எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது? அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

ஸ்போர்ட்ஸ் கார் என்றால் ஃபெராரி, போர்ஷே என்று நினைத்துவிட வேண்டாம். நம் ஊர்ச் சாலைகளில் அந்தப் பெயருக்கு நெருக்கமாக ஓடுபவை வேறு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் ஐ20 என் லைன், 1.5 லிட்டர் டர்போ இன்ஜினோடு வரும் ஃபோக்ஸ்வாகன் வெர்ட்டூஸ், ஸ்கோடா ஸ்லாவியா. பட்ஜெட் பெரிதென்றால் 2025 மே மாதம் 52.99 லட்சம் ரூபாய் ஷோரூம் விலையில் இந்தியாவுக்கு இறக்குமதியாகி வந்த கோல்ஃப் ஜி.டி.ஐ.

250-க்கு 250

முதலில் ரீமேப் கதையை முடித்துவிடலாம். டர்போ கார்களில் இன்ஜினுக்குள் எவ்வளவு காற்று, எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்பதை ஈ.சி.யூ என்கிற குட்டிக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. அந்த சாஃப்ட்வேரை மாற்றி எழுதி, டர்போவை இன்னும் கொஞ்சம் அழுத்தமாக ஊதவைப்பதுதான் ரீமேப். ஒரு நட்டு போல்ட்டைக்கூடக் கழற்ற வேண்டாம். அதனால்தான் இது இவ்வளவு ஆசை காட்டுகிறது.

ஆனால் இன்ஜின் கொடுக்கும் வேகத்தைக் கியர்பாக்ஸ் தாங்க வேண்டுமே! வெர்ட்டூஸ், ஸ்லாவியா கார்களின் 1.5 லிட்டர் இன்ஜின் 150 பி.எஸ் பவரும் 250 நியூட்டன் மீட்டர் டார்க்கும் தருகிறது. அதன் ஆட்டோமேட்டிக் மாடலில் இருப்பது டி.கியூ.200 என்ற ஏழு கியர் டி.எஸ்.ஜி பெட்டி. ஆயிலில் நனையாத, உலர் கிளட்ச் வகை. அது தாங்குவதற்காக வடிவமைக்கப்பட்ட அளவு என்ன தெரியுமா? அதே 250 நியூட்டன் மீட்டர்தான். அதாவது, கம்பெனியிலிருந்து வெளியே வரும்போதே அந்தப் பெட்டி விளிம்பில்தான் நிற்கிறது. ரீமேப் செய்து 300-ஐ ஒட்டிக் கொண்டுபோனால், சுமை முழுக்கக் கிளட்ச்சின் தலையில்.

உடனே உடைந்துவிடுமா என்றால், இல்லை. பலருக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் உடைகிற அன்று பில் லட்சங்களில் வரும். அந்த பில்லை யார் கட்டுவது என்பதுதான் வாரன்ட்டி விவகாரமே. கோல்ஃப் ஜி.டி.ஐ-யில் நிலைமை வேறு. 265 பி.எஸ், 370 நியூட்டன் மீட்டர் இருந்தாலும், அதன் கியர்பாக்ஸ் ஆயிலில் நனைந்த கிளட்ச் கொண்டது. அதில் கொஞ்சம் இடம் இருக்கிறது. ஒரே நிறுவனம், ஒரே டி.எஸ்.ஜி பெயர் என்பதால் ஒன்றுக்குப் பொருந்துவது இன்னொன்றுக்கும் பொருந்தும் என்று நினைப்பதுதான் இங்கே பெரிய ஆபத்து.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சித்திரை மாத மதியத்தில் காரைக்குடித் தார்ச்சாலை மேல் நிற்கும் காற்று, டர்போவுக்குள் போகும்போதே சூடாகத்தான் போகிறது. சூடான காற்றில் அடர்த்தி குறைவு. இன்ஜினில் 'நாக்கிங்' வரும் அபாயமும் அதிகம். அப்போது ஈ.சி.யூ தானாகவே பவரைக் குறைத்துக்கொள்ளும். ஐரோப்பாவின் குளிரில், உயர் ஆக்டேன் பெட்ரோலில் அளந்த எண்களை நம்பி இங்கே காசு கொடுப்பவர்களுக்கு இது புரிவதில்லை. 100 ஆக்டேன் பெட்ரோலை நம்பி எழுதிய மேப்பைப் போட்டுவிட்டு, தேவகோட்டை போகிற வழியில் கிடைக்கிற பங்கில் சாதாரணப் பெட்ரோல் நிரப்பினால், காசைக் கொடுத்துக் கவலையை வாங்கியதாகத்தான் அர்த்தம்.

கழற்றிவிட்டு சர்வீஸுக்கு விடலாமா?

'சர்வீஸுக்குப் போகும் முன்பு பழைய சாஃப்ட்வேரையே போட்டுவிடலாம்' என்பது ட்யூனிங் கடைகளில் அடிக்கடி கேட்கும் வசனம். இன்றைய ஈ.சி.யூ-க்கள் எத்தனை முறை தங்களை மாற்றி எழுதினார்கள் என்பதையே எண்ணி வைத்துக்கொள்கின்றன. சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரை மாட்டியதும், காரில் இருக்கும் சாஃப்ட்வேரையும் நிறுவனத்தின் சர்வரில் இருக்கும் அசலையும் ஒப்பிட முடியும். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தில் வெளிநாடுகளில் இதற்கு 'டி.டி.1' என்று ஒரு முத்திரையே உண்டு. அது விழுந்தால் அந்த சேஸிஸ் நம்பரோடு ஒட்டிக்கொள்ளும். இன்ஜின், கியர்பாக்ஸ் பாகங்களுக்கான வாரன்ட்டி கேள்விக்குறியாகும். காரை விற்றாலும் முத்திரை கூடவே போகும். வாங்குகிறவர் பாவம்!

சாஃப்ட்வேரைத் தொடாமல், சென்சாருக்கும் ஈ.சி.யூ-வுக்கும் நடுவில் மாட்டும் 'ட்யூனிங் பாக்ஸ்' இருக்கிறதே என்பார்கள். அதைக் கழற்றிவிடலாம்தான். ஆனால் அது செய்வது, டர்போ அழுத்தம் குறைவாக இருக்கிறது என்று ஈ.சி.யூ-விடம் பொய் சொல்வது. இன்ஜின் படும் பாடு ரீமேப்புக்குக் குறைந்ததல்ல. கிளட்ச்சின் தேய்மானமும் பொய் சொல்லாது. தவிர, மறைத்துவிட்டு கிளெய்ம் கேட்பதை 'சாமர்த்தியம்' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அமெரிக்கச் சட்டம் காரைக்குடிக்கு வராது

யூடியூபில் அடிக்கடி ஒரு வாதம் கேட்கலாம்: 'வெளியில் வாங்கிய பாகம் போட்டதற்காகவே வாரன்ட்டியை ரத்து செய்ய முடியாது, அந்தப் பாகத்தால்தான் பழுது என்று கம்பெனி நிரூபிக்க வேண்டும்.' இது உண்மைதான், அமெரிக்காவில். 1975-ல் வந்த மேக்னஸன் மாஸ் சட்டம் அங்கே அந்தப் பாதுகாப்பைத் தருகிறது. 2022-ல் ஹார்லி டேவிட்சன் நிறுவனத்தின் மீதே, வெளிப் பாகம் போட்டால் வாரன்ட்டி போகும் என்று சொன்னதற்காக அந்நாட்டு வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது.

அமெரிக்காவில் இருக்கும் மாமா பையன் சொன்னதைக் கேட்டு இங்கே கார்மீது கை வைத்துவிடாதீர்கள். நம்மிடம் அதே மாதிரி தனிச் சட்டம் இல்லை. நெருக்கமாக இருப்பது, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25-ல் போட்ட உத்தரவு. உதிரி பாகங்களையும் பழுதுபார்க்கும் விவரங்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது ஆணையம். அதே உத்தரவில் நமக்கு முக்கியமான ஒரு பகுதி உண்டு. வெளி மெக்கானிக்கிடம் போனதற்காகவே ஒட்டுமொத்தமாக வாரன்ட்டியை ரத்து செய்யும் நிபந்தனை கூடாது. வெளியில் செய்த தவறான வேலையால் எவ்வளவு சேதமோ, அந்த அளவுக்கு மட்டும் மறுக்கலாம் என்றது.

நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போய் வழக்கு நீண்டது தனிக் கதை. ஆனால், அந்த உத்தரவு பேசுவது பழுதுபார்ப்பதைப் பற்றி. பவரைக் கூட்டுவதைப் பற்றியல்ல. உங்கள் வாரன்ட்டி புத்தகத்தில் 'மாற்றம் செய்த வாகனம்', 'பந்தயத்தில் பயன்படுத்திய வாகனம்' என்று விலக்குகள் பட்டியலில் இருந்தால் அதுவே பேசும். புத்தகம் டேஷ்போர்டுக்குள் பிளாஸ்டிக் கவர் பிரிக்காமல் கிடக்கும். எடுத்துப் படியுங்கள்.

வாரன்ட்டியைத் தாண்டி இன்னொரு சிக்கலும் உண்டு. நிறுவனம் தந்த அசல் விவரத்துக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவை வைத்து 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கு ஒன்றில் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சைலன்ஸரை மாற்றி ஊரை எழுப்பினால் அது தனி: ஒலி, புகை விதிமீறலுக்கு 10,000 ரூபாய் வரை அபராதமும், மூன்று மாதம் லைசென்ஸ் இழப்பும் உண்டு. இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்லாமல் செய்த மாற்றம், விபத்து கிளெய்ம் சமயத்தில் சர்வேயர் கண்ணில் பட்டால் அங்கேயும் இழுபறிதான்.

அப்புறம் என்னதான் செய்யலாம்?

நிறையவே செய்யலாம். கார் வேகமாகப் போவது என்பது இன்ஜினில் மட்டும் இல்லை.

என்னைக் கேட்டால், முதல் செலவு டயர். வெர்ட்டூஸ் ஜி.டி-யில் வருவது 205/55 ஆர்16 அளவு. அதே அளவில், இன்னும் நல்ல பிடிப்புள்ள ரப்பரில் டயர் வாங்கலாம். அளவுக்குப் பக்கத்தில் '91வி' என்று இருந்தால், 91 என்பது ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்பதற்கான குறியீடு. 'வி' என்பது மணிக்கு 240 கி.மீ வேகம் வரைக்குமானது. இந்த இரண்டும் அசலைவிடக் குறையக் கூடாது. அவ்வளவுதான். வளைவில், மழையில், திடீர் பிரேக்கில் காரே வேறு காராகத் தெரியும். இன்ஜின் வாரன்ட்டிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அடுத்தது பிரேக். தரமான பிரேக் பேட், புது பிரேக் ஆயில். டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, டாட் 4-க்கு 230 டிகிரி. கொடைக்கானல் மலையிலிருந்து இறங்கும்போது அந்த 25 டிகிரியின் அருமை தெரியும். உங்கள் காருக்கு எந்த ரகம் என்று மேனுவலில் போட்டிருக்கும்; வேலையை அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலேயே செய்துகொள்ளுங்கள்.

அலாய் வீலைப் பெரிதாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. பெரிய வீல் பெரும்பாலும் கனமான வீல். கார் மந்தமாகும், சஸ்பென்ஷனும் பேரிங்கும் அடிவாங்கும். தாழ்வான ஸ்பிரிங்கும் அப்படித்தான். கானாடுகாத்தான் தெருக்களில் அரண்மனை வீடுகளைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் போகலாம் என்று திரும்பினால், முதல் வேகத்தடையிலேயே அடிப்பாகம் உரசும். ஏர் ஃபில்டர் மாற்றுவது சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆயில் தடவிய ரகமாக இருந்து, அந்த ஆயில் காற்றை அளக்கும் சென்சாரில் படிந்தால் அந்த சென்சாருக்கான கிளெய்மை மறுக்க நிறுவனத்துக்குக் காரணம் கிடைத்துவிடும். கிடைக்கும் பவரோ, சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

இன்ஜின் பவரே வேண்டும் என்றால், நிறுவனமே விற்பதா என்று பாருங்கள். இங்கிலாந்தில் ஃபோர்டு ஃபியஸ்டா எஸ்.டி காரை 182-லிருந்து 215 பி.எஸ்-ஸுக்கு உயர்த்தும் மவுன்ட்யூன் கிட், ஃபோர்டு டீலரிலேயே வாரன்ட்டி போகாமல் கிடைத்தது. பி.எம்.டபிள்யூ-வும் 'எம் பெர்ஃபாமன்ஸ்' என்ற பெயரில் பாகங்கள் விற்கிறது. செங்கல்பட்டு பக்கம் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் கார் தயாரிக்கும் அதே நிறுவனம்தான். ஆனால், இந்தியாவில் இப்படிப்பட்ட பட்டியல்களில் கண்ணில் படுவது பெரும்பாலும் ஸ்பாய்லர், வீல், ஸ்டீயரிங் போன்ற அலங்காரங்கள்தான். பவர் கிட் இருக்கிறதா என்று டீலரிடம் மெயிலில் கேளுங்கள். வாய்வார்த்தையில் 'அதெல்லாம் பிரச்னை இல்ல சார்' என்று சொன்னவர், நீங்கள் கிளெய்ம் கேட்கும் நாளில் வேறு ஷோரூமில் வேலை பார்த்துக்கொண்டிருப்பார்.

காரில் ஒரு ஸ்குரூவைக்கூடத் தொடாத அப்கிரேடு ஒன்று உண்டு: ஓட்டுநர். கோவையின் எஸ்.கரிவர்தன், மாருதி 800-ன் 796 சிசி இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கியவர். நாட்டின் பல பந்தய வீரர்கள் அந்தச் சின்ன இன்ஜினில்தான் வேகத்தைக் கற்றார்கள். அவர் பெயரில்தான் கோவை செட்டிப்பாளையத்தில் 2003 முதல் கரி மோட்டார் ஸ்பீட்வே இயங்குகிறது. பந்தயப் பயிற்சிப் பள்ளிகள் தங்கள் காரிலேயே கற்றுத்தருகின்றன. சொந்தக் காரை டிராக்கில் இறக்கும் முன்பு மட்டும், வாரன்ட்டி, இன்ஷூரன்ஸ் இரண்டிலும் பந்தய விலக்கு எப்படி எழுதியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

பிரச்னை வந்துவிட்டால்

மாற்றிய பாகத்துக்குச் சம்பந்தமே இல்லாத பழுதுக்கு, உதாரணமாக டயர் மாற்றியதற்காக ஏ.சி கம்ப்ரஸரை மறுத்தால், சும்மா திரும்பி வராதீர்கள். மறுப்பை எழுத்தில் கேளுங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்கும் போடலாம். கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் சிவகங்கை மாவட்ட ஆணையமே போதும். அதைத் தாண்டினால், ஜி.டி.ஐ வாங்கியவர்கள் கவனிக்க, மாநில ஆணையம். அதன் கிளை மதுரையில் இருக்கிறது.

அங்கே பேசப்போவது பேப்பர்தான். பல பிரீமியம் பிராண்டுகளுக்கு சர்வீஸ் என்றால் மதுரைக்கோ திருச்சிக்கோ 90 கி.மீ போக வேண்டியிருக்கிறது என்பதற்காக, அவசரத்துக்கு வெளியில் செய்த வேலைக்கு பில் வாங்காமல் விடாதீர்கள். கழற்றிய அசல் பாகங்களைப் பெட்டியில் போட்டுப் பரணில் வையுங்கள். ஒவ்வொரு பில்லிலும் தேதி, ஓடிய கிலோமீட்டர், சேஸிஸ் நம்பர் மூன்றும் இருக்கிறதா என்று கடையை விட்டு இறங்கும் முன்பே ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.