ஓமின் விதி

ஒரு உலோகக் கம்பியின் இரு முனைகளுக்கிடையே மின்னழுத்தத்தை இரு மடங்காக்கினால் மின்னோட்டமும் இரு மடங்காகும். வெப்பநிலை மட்டும் மாறக்கூடாது. ஜெர்மானிய இயற்பியலாளர் ஜார்ஜ் சைமன் ஓம் 1827-இல் நூலாக வெளியிட்ட விதி இது. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் கிடைப்பது மின்தடை. அதன் அலகுக்கு ஓமின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். கம்பி நீண்டால் தடை கூடும், தடித்தால் குறையும்.

வெப்பநிலை பற்றிய நிபந்தனையை லேசாக எண்ணிவிடக்கூடாது. 230 வோல்ட்டில் எரியும் 60 வாட் குண்டு பல்பில், வெண்மையாகத் தகிக்கும் டங்ஸ்டன் இழையின் தடை ஏறத்தாழ 880 ஓம். ஆறிக் கிடக்கும்போதோ அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் சுவிட்சைப் போட்ட கணத்தில் மின்னோட்டம் பல மடங்காகப் பாய்கிறது. பழைய பல்புகள் பெரும்பாலும் அந்தக் கணத்தில்தான் பியூஸ் போகின்றன.