இறுகிப்போன இன்ஜெக்டரைக் கழற்றுதல்

நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து வாங்கிய பழைய வான் ஒன்று, மரக்கறியைச் சந்தைக்கும் நோயாளியை ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோய்க் கொண்டிருக்கும். ஒருநாள் காலையில் வெள்ளைப் புகை தள்ளும். ஆசனத்தின் கீழே ‘சுக் சுக்’ என்று காற்றுக் கசியும் சத்தம் கேட்கும். இன்ஜெக்டரைக் கழற்றிப் பம்ப் திருத்துபவரிடம் சோதிக்கக் கொடுக்க வேண்டும் என்பதற்கு இவை அடையாளங்கள். கழற்றுவதை வீட்டிலேயே செய்யலாம். ஆனால் அவசரப்பட்டால் ஒரு வாசர் மாற்றும் செலவு, ஹெட்டே மாற்றும் செலவாகிவிடும்.

இங்கே நாம் சொல்வது நம் ஊர்களில் ‘டொல்பின்’ என்று அழைக்கப்படும் ரொயோட்டா ஹையேஸ் வானின் 3எல் எஞ்சினைப் பற்றியது. இதில் இன்ஜெக்டர் மரையால் ஹெட்டினுள் முறுக்கப்பட்டிருக்கும். கேடிஎச் வகைப் புதிய வான்களில் அமைப்பு வேறு. அவற்றின் குழாய்களில் டீசல் 1000 பாருக்கும் மேலான அழுத்தத்தில் நிற்பதால் அவற்றை வீட்டில் தொட வேண்டாம்.

இறுகுவதற்குக் காரணம் இரண்டு. அடி வாசர் பழுதானால் எரிந்த வாயு மேலே கசிந்து, மரையைச் சுற்றிக் கரியாகப் படிந்து சீமெந்துபோல் இறுகும். வான் நீண்டகாலம் ஓடாமல் நின்றால் ஈரம் இறங்கித் துருவும் சேரும். விட்டுவந்த வாகனத்தை ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

முதல்நாள் மாலையே வேலையைத் தொடங்குங்கள். ஆசனத்தைத் தூக்கி, இன்ஜெக்டரைச் சுற்றியுள்ள மண்ணையும் தூசியையும் தூரிகையால் துடையுங்கள். பின் துரு இளக்கும் எண்ணெயை அடியில் சொட்டுச் சொட்டாக விட்டு, இரவு முழுவதும் ஊற விடுங்கள். படுக்கப் போகுமுன் இன்னொரு தடவை விடுவது நல்லது. காலையில் எஞ்சினைச் சிறிது ஓடவிட்டுச் சூடாக்கி நிறுத்துங்கள். சூட்டில் கரி இளகும். கைபொறுக்கும் அளவுக்கு ஆறியதும் பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, டீசல் குழாய்களை இரு முனையிலும் தளர்த்தி எடுங்கள். திறந்த முனைகள் எல்லாவற்றையும் சுத்தமான பொலித்தீனால் கட்டுங்கள். ஒரு மணல் துகள் போதும், புது நொசிலையும் கெடுத்துவிடும்.

அடுத்தது மேலே ஓடும் மெல்லிய திரும்பு குழாய். ஒருமுறை நாங்கள் விதைநெல் ஏற்றப் போகும் அவசரத்தில் அதை வளைத்து இழுத்து முறித்துவிட்டோம். அந்தச் சிறு குழாய்க்காக வான் நாலு நாள் நின்றது. நெல்லை மாட்டுவண்டியில்தான் ஏற்றினோம். அதன் நட்டுகளைக் கழற்றும்போது கீழே இன்ஜெக்டரை இன்னொரு ஸ்பானரால் பிடித்துக்கொள்ளுங்கள்.

இன்ஜெக்டரைக் கழற்ற 27 மில்லிமீற்றர் நீளச் சொக்கற் வேண்டும். இல்லாவிட்டால் இரவல் வாங்குங்கள். திருகு ஸ்பானர் போட்டு முனைகளை மழுக்கினால் பிறகு எந்தச் சொக்கற்றும் பிடிக்காது. சொக்கற்றை நேராக அமர்த்தி, முதலில் மிகச் சிறிதளவு இறுக்கும் பக்கம் அசைத்துவிட்டுப் பின் தளர்த்துங்கள். ‘டக்’ என்ற சத்தத்தோடு அசைந்தால் கால் சுற்றுடன் நிறுத்தி, மறுபடி எண்ணெய் விட்டுப் பொறுத்திருங்கள். பிறகு முன்னும் பின்னுமாக மெல்லத் திருப்ப வேண்டும். ஒரேயடியாகச் சுழற்றினால் கரி மரையை அரித்துக்கொண்டு வரும். அசையவே இல்லையா? இன்னொரு இரவு ஊறட்டும். சுத்தியலால் அடிக்கவோ நெருப்புக் காட்டவோ வேண்டாம்.

வெளியே எடுத்ததும் எந்தச் சிலிண்டருக்குரியது என்று அடையாளமிடுங்கள். குழியின் அடியில் பழைய வாசர் ஒட்டியிருக்கும். கொளுக்கியால் அதை எடுத்தே ஆக வேண்டும். பலர் இதை மறந்து அதன்மேல் புதியதைப் போடுகிறார்கள். பிறகு ‘புது வாசர் போட்டும் கசிகிறது’ என்று கடைக்காரரைத் திட்டுவார்கள்!

திரும்பப் பூட்டும்போது புது வாசர் போட்டு, முதலில் கையாலேயே முறுக்குங்கள். இறுக்கும் அளவு 64 நியூட்டன் மீற்றர். அதாவது ஒரு அடி நீளப் பிடியின் நுனியில் ஏறத்தாழ 21 கிலோ இழுவை. குழாய்களைப் பூட்டியபின், வடிகட்டியின் மேலுள்ள கைப்பம்பை அது இறுகும்வரை அமுக்குங்கள். இன்ஜெக்டர்ப் பக்க நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்தி வைத்து, பற்றரி வயரைத் திரும்பப் பூட்டி, ஸ்ராட்டரை அடியுங்கள். குமிழியில்லாமல் டீசல் வந்ததும் நட்டுகளை இறுக்குங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம். இன்ஜெக்டர் பீச்சுகிறதா என்று பார்க்கக் கையை முன்னே பிடிக்காதீர்கள், பிள்ளைகளையும் அருகே விடாதீர்கள். அது ரயர்க் காற்றின் அழுத்தத்தைப்போல முப்பது மடங்குக்கும் மேற்பட்ட வேகத்தில் பீச்சும். டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியதுபோல் சிறு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் அதிகம் இராது. ஆனால் தாமதித்தால் விரலையே இழக்க நேரிடும். உடனடியாக ஆஸ்பத்திரிக்குப் போய் ‘டீசல் உள்ளே ஏறிவிட்டது’ என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

இரண்டு நாள் ஓடியபின் ஆசனத்தைத் தூக்கிப் பாருங்கள். இன்ஜெக்டரின் அடியில் தார்போலக் கறுப்புப் படிந்திருந்தால் வாசர் சரியாக அமரவில்லை. மறுபடி இறுகுமுன் அன்றே கழற்றுங்கள்.