எழுத்து தெரியுது, வாசிக்க மட்டும் வரலையா? ‘அரும்பு, மொட்டு, மலர்’ சொல்வது என்ன?

“அ-விலிருந்து ஃ வரை கடகடன்னு சொல்றான். ஆனா ‘பம்பரம்’னு எழுதிக் காட்டினா முழிக்கிறான்.” 2-ம் வகுப்பு, 3-ம் வகுப்பு பிள்ளைகள் இருக்கும் பல வீடுகளில் கேட்கிற புலம்பல் இது. ‘கவனம் இல்லை, விளையாட்டுப் புத்தி’ என்று பழி கடைசியில் குழந்தை மேல்தான் விழும். ஆனால் எழுத்துகளை வரிசையாக ஒப்பிப்பது வேறு, வாசிப்பது வேறு.

எங்கே சிக்குது?

தமிழில் மொத்தம் 247 எழுத்துகள். அத்தனையையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. 12 உயிர், 18 மெய், இவை சேரும்போது வரும் குறிகள் பிடிபட்டால் 216 உயிர்மெய்களில் பெரும்பகுதி வசப்பட்டுவிடும். உகர வரிசைதான் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். கு, டு, து, பு எல்லாம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம்.

‘கொ’ என்ற எழுத்தைப் பாருங்கள். கண்ணில் முதலில் படுவது கொம்பு. ஆனால் வாய் முதலில் சொல்ல வேண்டியது ‘க்’. நமக்குப் பழகிவிட்டதால் தெரிவதில்லை, 6 வயதுப் பிள்ளைக்கு அது பெரிய வேலை. ஒலியும் ஒரே மாதிரி இருக்காது. கடல், தங்கம், பகல் மூன்றிலும் அதே ‘க’தான், உச்சரிப்பு மட்டும் மூன்று விதம். எழுத்தைத் தனியாக மட்டுமே பழகிய குழந்தை, சொல்லுக்குள் அதைப் பார்த்ததும் தடுமாறும்.

இன்னொன்றும் இருக்கு. வீட்டில் ‘அம்மா வர்றாங்க’. புத்தகத்தில் ‘அம்மா வருகிறார்’. எழுத்துக்கூட்டிப் படித்து முடித்தாலும், அது தனக்குத் தெரிந்த அதே விஷயம்தான் என்று குழந்தைக்கு உடனே பிடிபடுவதில்லை.

3-ம் வகுப்பு ஏன் முக்கியம்?

அதற்கு மேல் வழக்கமான பாட வேளையில் வாசிக்கக் கற்றுத்தருவது குறைவு. அறிவியல், சமூக அறிவியல் எல்லாமே வாசிக்கத் தெரியும் என்று நம்பித்தான் நடக்கும். கணக்கும் அப்படித்தான். ‘24 மிட்டாயை 6 பேருக்குச் சமமாகப் பிரித்தால்...’ என்ற கேள்வியைப் படிக்க முடியாத பிள்ளை, வகுத்தல் தெரிந்தும் தோற்றுப்போகும்.

தமிழ்நாடு அரசுப் பள்ளிகளில் 8-ம் வகுப்பு வரை யாரையும் ஃபெயில் ஆக்குவதில்லை. அதனால் இந்தக் குறை மார்க் ஷீட்டில் தெரியாமலே பிள்ளை வகுப்பு ஏறிக்கொண்டிருக்கும். அதற்காக ஃபெயில் ஆக்கினால் சரியாகிவிடும் என்றும் இல்லை. புரியாத பாடத்தை அதே மாதிரி இன்னொரு வருடம் கேட்டால் என்ன மாறும்?

அரும்பு என்றால் குறைந்த மார்க்கா?

இல்லை. கொரோனா காலத்தில் பள்ளிகள் நீண்ட நாள் மூடிக்கிடந்த பிறகு, 2022 ஜூனில் தமிழ்நாடு அரசு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைத் தொடங்கியது. 8 வயதுக்குள் எழுத, படிக்க, அடிப்படைக் கணக்குப் போட வரவேண்டும் என்பதே இலக்கு. முதலில் 1 முதல் 3-ம் வகுப்பு வரை, அடுத்த ஆண்டு 4, 5-ம் வகுப்புகளுக்கும் வந்தது. இதில் குழந்தை எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பதைவிட எந்த நிலையில் இருக்கிறது என்பதே கணக்கு. 3-ம் வகுப்புக் குழந்தை ‘அரும்பு’ என்றால், அடிப்படை எழுத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று அர்த்தம். மொட்டு அதற்கு அடுத்தது. மலர் என்றால் வகுப்புக்கு ஏற்ற நிலை. பாட்டு, கதை, பொம்மலாட்டம் என்று ஒரே அறையில் அவரவர் நிலைக்கேற்ற பயிற்சி.

யோசனை நல்லதுதான். ஆனால் 5 வகுப்புக்கு 2 ஆசிரியர் மட்டுமே உள்ள பள்ளியில், அதற்குள் மூன்று நிலைகளையும் பார்ப்பது லேசான காரியம் இல்லை. மதிப்பீட்டை செயலியில் ஏற்றும் வேலை வேறு.

வீட்டில் என்ன செய்யலாம்?

ஆசிரியரைப் பார்க்கும்போது ‘எத்தனையாவது ரேங்க்?’ என்று கேட்பதைவிட, ‘எந்த நிலையில இருக்கான், எந்த எழுத்துல சிக்குறான்?’ என்று கேளுங்கள். பஸ் போர்டு, கடைப் பலகை, பிஸ்கட் பாக்கெட், எதை வேண்டுமானாலும் வாசிக்கச் சொல்லலாம். ஒரு சொல்லில் நின்றுவிட்டால் அதட்டாமல் அதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

வாசிப்பு வருகிறதா என்று பார்க்க, வகுப்பில் நடத்தி முடித்த பாடத்தைக் கொடுக்காதீர்கள். பல குழந்தைகள் அதைப் பார்க்காமலேயே சொல்லிவிடும். இதுவரை பார்க்காத ஒரு சின்னக் கதையைக் கொடுங்கள். படித்து முடித்ததும் ‘என்ன ஆச்சு?’ என்று கேளுங்கள். வீட்டுப் பேச்சில் பதில் சொன்னாலே போதும்.