டவர் ஸ்பீக்கர் இருந்தால் சப்வூஃபர் எதற்கு?

பாலவாக்கம் ஃபிளாட்டில் ஆளுயர டவர் ஸ்பீக்கர் வைத்திருப்பவர் கேட்பது நியாயமான கேள்விதான். பாட்டுக்கு அதுவே போதும்; தவிலின் தொப்பிப் பக்கம்கூட நன்றாக அதிரும். சினிமா வேறு. 5.1 ஒலியமைப்பில் அந்த ‘.1’ தனித் தடம்; 120 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மற்ற தடங்களைவிட 10 டெசிபல் கூடுதலாக எழுப்ப இடம் தருகிறது. அதிர்வெண் பாதியானால், அதே சத்தத்துக்கு ஸ்பீக்கரின் கூம்பு நான்கு மடங்கு அசைய வேண்டும்; அந்தச் சுமையை சப்வூஃபரிடம் விடலாம்.

அதைவிடப் பெரிய காரணம் அறை. 12 அடி இடைவெளியுள்ள கான்கிரீட் சுவர்களுக்கு நடுவே 47 ஹெர்ட்ஸ் அலை நிலைகொண்டுவிடும்: சுவரோரம் குமுறும், நடுவில் காணாமல் போகும். டவர்களைத் திரைக்கு இருபுறமும்தான் வைத்தாக வேண்டும். சப்வூஃபரை நகர்த்தலாம். முதலில் அதை சோபாவில் வைத்து, தரையோடு தவழ்ந்து, பேஸ் சீராகக் கேட்கும் இடத்தைத் தேடுங்கள். பிறகு அங்கே வையுங்கள்.