பொறியும் துடிப்பும்: பெட்ரோல் மாதிரி விமானத்தின் மின்னமைப்பு

பெட்ரோலில் ஓடும் மாதிரி விமானத்தின் உடற்கூட்டுக்குள் இரண்டு வகை மின்சாரம் அருகருகே இயங்குகிறது. ஒன்று, சுக்கானையும் இறக்கையின் அசைபலகைகளையும் திருப்பும் சர்வோக்களுக்குச் செல்லும் ஐந்தாறு வோல்ட் மின்சாரம். மற்றது, எஞ்சினின் சிலிண்டருக்குள் எரிபொருளைப் பற்றவைப்பதற்காகப் பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேலே எழும் மின்சாரம். முன்னது தரையில் நிற்பவர் டிரான்ஸ்மிட்டரால் அனுப்பும் மெல்லிய ரேடியோ அலைக்குக் கீழ்ப்படிந்து நடக்க வேண்டியது. பின்னதோ எழும்போதெல்லாம் ரேடியோ இரைச்சலைச் சுற்றிலும் பரப்புவது. இவ்விரண்டையும் ஒன்றையொன்று கெடுக்காதபடி ஒரே கூட்டுக்குள் அமைப்பதில்தான் விமானத்தின் பாதுகாப்பும், பறக்கும் களத்தில் நிற்போரின் பாதுகாப்பும் அடங்கியுள்ளன.

இந்த முரண் புதியதன்று. 1887இல் ஹெய்ன்ரிஷ் ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகளை உண்டாக்கியது தீப்பொறியைக் கொண்டுதான். தொடக்கக்கால வானொலித் தந்தி நிலையங்களும் பொறியையே அலைபரப்பியாகப் பயன்படுத்தின. ஆகவே ஸ்பார்க் பிளக் பொருத்திய எஞ்சின் ஒவ்வொன்றும், எவரும் விரும்பாமலேயே, ஒரு சிறு அலைபரப்பியாக அமைந்துவிடுகிறது. அமெரிக்காவில் வால்டர் குட், வில்லியம் குட் என்னும் இரட்டையர் 1930களின் பிற்பகுதியில் ரேடியோவால் இயக்கிய 'கஃப்' என்ற மாதிரி விமானம் பொறி எஞ்சினுடனேயே பறந்தது. அது இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது. 1940களின் பிற்பகுதியில், பிளாட்டினக் கம்பிச் சுருளின் சூட்டாலேயே மெத்தனால் எரிபொருளைப் பற்றவைக்கும் 'குளோ பிளக்' பரவியபோது, பொறிக்கான சுருளும் மின்தேக்கியும் பேட்டரியும் விமானத்திலிருந்து இறங்கின. பின்னர் மரம் அறுக்கும் இயந்திரங்களின் சிறு எஞ்சின்களைத் தழுவிப் பெரிய மாதிரி விமானங்களுக்கான பெட்ரோல் எஞ்சின்கள் உருவானபோது பொறியும் அதன் இரைச்சலும் கூடவே திரும்பி வந்தன.

சர்வோ என்பது ஒரு சிறு மின்மோட்டார், வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும் பல்சக்கரங்கள், அச்சு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதைச் சொல்லும் மாறுமின்தடை, அக்கோணத்தை வரும் கட்டளையோடு ஒப்பிட்டு மோட்டாரை ஆளும் மின்சுற்று ஆகியவை ஒரே பெட்டிக்குள் அடங்கிய கருவியாகும். ரேடியோ அலையை வாங்கும் ரிசீவரிலிருந்து அதற்கு வரும் கட்டளை ஒரு மின்துடிப்பின் நீளமாக வருகிறது: 1.5 மில்லி விநாடி நீண்ட துடிப்பு நடுநிலையையும், 1 மில்லி விநாடியும் 2 மில்லி விநாடியும் இரு கோடிகளையும் குறிக்கின்றன. வழக்கமான அமைப்பில் இத்துடிப்பு 20 மில்லி விநாடிக்கு ஒருமுறை வருகிறது. ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிக்குள் முழு அசைவும் எழுதப்பட்டிருப்பதால், கம்பியில் நுழையும் சிறு இரைச்சலும் சுக்கானில் நடுக்கமாக வெளிப்படக்கூடும்.

எனினும் சர்வோ அமைப்பில் முதலில் சரிசெய்ய வேண்டியது மின்னணுவியலை அன்று, வடிவியலை. சர்வோ நடுநிலையில் நிற்கும்போது அதன் கை தள்ளுதண்டுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். பலகையில் பதித்த ஹார்ன் என்னும் நெம்புகோலில் தண்டு கோக்கப்படும் துளை, கீலின் அச்சுக்கு நேர் மேலே அமைய வேண்டும். இவை பிசகினால் மேலே போகும் அளவும் கீழே வரும் அளவும் வேறுபடும். 10 கிலோ-சென்டிமீட்டர் முறுக்குவிசை உள்ள சர்வோ 1 செ.மீ. நீளக் கையின் முனையில் 10 கிலோ எடைக்கு நிகரான விசையையும், 2 செ.மீ. கையின் முனையில் அதில் பாதியையும் தரும். எனவே பலகையின் அசைவு மிகுதியாக இருந்தால், டிரான்ஸ்மிட்டரில் வீச்சைப் பாதியாகக் குறைத்துவிட்டு நிறைவடைவது தவறு. அப்படிச் செய்தால் சர்வோவின் நுண்மையிலும் விசையிலும் பெரும்பகுதி வீணாகும். கையைக் குறுக்கி, சர்வோவை முழுவீச்சில் இயங்கவிட்டால், அதே அசைவு கூடுதல் வலிமையோடும் துல்லியத்தோடும் கிடைக்கும். கீலிலோ இணைப்பிலோ தளர்ச்சி இருந்தால், வேகம் கூடும்போது காற்று அப்பலகையை அடித்து அதிரச் செய்து, கணப்பொழுதில் பிய்த்தெறியவும் கூடும்.

ஒற்றை சிலிண்டர் எஞ்சினின் குலுக்கல் கடுமையானது என்பதால் சர்வோவைத் திருகும் முறையும் முக்கியமாகிறது. அதன் காதுகளில் ரப்பர் திண்டுகளும், அவற்றினுள் சிறு பித்தளைக் குழல்களும் பொருத்தப்படும். குழலின் அகன்ற விளிம்பு கீழே மரத்தின்மீது அமர, திருகின் தலை குழலின் மேல்முனையில் முட்டி நிற்க வேண்டும். அப்போதுதான் இறுக்கம் குழலின் உயரத்தோடு நின்று, ரப்பர் நசுங்காமல் அதிர்வை உள்வாங்குகிறது. குழலைத் தலைகீழாகப் போட்டால் விளிம்பு மரத்தில் படியாமல், குழலின் மெல்லிய முனை மரத்துக்குள் புதைந்து, நாளடைவில் திருகு தளர்ந்துவிடும். பெரிய விமானங்களில் ஒரே பலகையை இரண்டு சர்வோக்கள் சேர்ந்து இயக்கும்போது, இரண்டும் நடுநிலையிலும் இரு கோடிகளிலும் ஒத்துப்போகாவிட்டால் அவை ஒன்றையொன்று எதிர்த்து இழுத்துச் சூடேறி, பேட்டரியை வீணே காலிசெய்யும்.

பொறியை உண்டாக்கும் இக்னிஷன் பெட்டியின் வேலை வேறு வகையானது. பேட்டரியின் குறைந்த மின்னழுத்தத்தைச் சில நூறு வோல்ட்டாக உயர்த்தி அது ஒரு மின்தேக்கியில் நிரப்புகிறது. புரொப்பல்லர் பொருந்தும் குமிழில் பதித்த சிறு காந்தம், எஞ்சினின் முகப்பில் உள்ள ஹால் உணரியைக் கடக்கும்போது பிறக்கும் சமிக்ஞையை ஒட்டி, அந்தச் சேமிப்பு முழுவதும் ஒரு சுருளுக்குள் பாய்ந்து, பிளக்கின் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் இடைவெளியில் பொறியாகத் தாவுகிறது. நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடும் இரண்டு வீச்சு எஞ்சினில் இது விநாடிக்கு 100 முறை நிகழ்கிறது. எரிதல் பரவச் சிறிது நேரம் வேண்டும் என்பதால், வேகமாக ஓடும்போது பிஸ்டன் உச்சியை அடைவதற்குச் சுமார் 28 பாகை முன்பே பொறி எழ வேண்டும். அந்த வேகத்தில் 28 பாகை என்பது 0.8 மில்லி விநாடிக்கும் குறைவு. ஆனால் கையால் சுற்றித் தொடங்கும்போதும் அவ்வளவு முந்தினால், எஞ்சின் பின்னோக்கி உதைத்துச் சுற்றுபவரின் விரல்களைப் புரொப்பல்லரால் தாக்கும். ஆகவே மெதுவான சுழற்சியில் பொறியை உச்சிக்கு அருகே தாமதப்படுத்துவது மின்சுற்றின் பொறுப்பு. பொறியைச் சோதிக்கும்போது பிளக்கை அதன் உறைக்குள் செருகி, உறையின் உலோகப் பின்னலோடு தொடர்பில் வைப்பது கட்டாயம்; தாவ வழியற்ற மின்சாரம் பெட்டியையே சிதைக்கக்கூடும்.

இனி இவ்விரண்டையும் பிரித்து வைக்கும் கலை. இக்னிஷனுக்குத் தனி பேட்டரியும் தனிச் சுவிட்சும் அமைத்து, அவற்றை எஞ்சின் பக்கமாகவும், ரிசீவரையும் அதன் பேட்டரியையும் பின்புறமாகவும், இடையே 30 செ.மீ. அளவுக்குக் குறையாத தூரம் விட்டு வைப்பது நடைமுறை. பிளக்குக்குச் செல்லும் கம்பியின்மேல் போர்த்திய உலோகப் பின்னல் பிளக்கின் உறைவரை அறுபடாமல் தொடர்ந்து, எஞ்சினின் உடலோடு இணைந்திருந்தால்தான் இரைச்சல் உள்ளேயே அடங்கும். கார்புரேட்டரின் வால்வைத் திறந்து மூடும் தண்டு உலோகமாக இருந்தால், அதுவே எஞ்சினின் இரைச்சலை சர்வோவரை கொண்டுவந்து சேர்க்கும் என்பதால் நைலான் தண்டு பயன்படுகிறது. டிரான்ஸ்மிட்டரிலிருந்தே இக்னிஷனை நிறுத்த உதவும் சுவிட்சில் கட்டளை மின்கம்பி வழியாகச் செல்லாமல் ஒளியாக மாறித் தாவுவதால், இரு மின்சுற்றுகளும் எங்கும் தொடுவதில்லை. ரேடியோக் கட்டளை 72 மெகாஹெர்ட்ஸில் சென்ற காலத்துக் கருவிகளைவிட இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் பொறியின் இரைச்சலை நன்கு தாங்குகின்றன; ஆனால் இக்கருவிகளின் ரிசீவருக்குள் உள்ள நுண்செயலிக்கு வேறொரு பலவீனம் உண்டு. பல சர்வோக்கள் ஒரே கணத்தில் பளுவை இழுத்து மின்னழுத்தம் சரிந்தால் அது நின்று மறுபடி தொடங்கும்; அந்த இடைவெளியில் விமானம் யார் கையிலும் இல்லை. தடித்த கம்பிகளும் இரட்டைப் பேட்டரிகளும் அதற்காகவே.

இந்த ஒழுங்கு எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்கு 2003 ஆகஸ்டில் சான்று கிடைத்தது. அமெரிக்கரான மேனார்ட் ஹில்லின் குழுவினர் அமைத்த, எரிபொருளோடு சேர்த்தும் 5 கிலோவுக்கு உட்பட்ட மாதிரி விமானம், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து கிளம்பி அயர்லாந்தில் இறங்கும்வரை 38 மணி 52 நிமிடம் இடைவிடாது பறந்து, ஏறத்தாழ 3,000 கி.மீ. அட்லாண்டிக் கடலைக் கடந்தது.

பறப்பதற்கு முன்னான கடைசிச் சோதனை எளியது. டிரான்ஸ்மிட்டரைக் குறைந்த திறனில் வைத்து, எஞ்சின் ஓடாதபோது எவ்வளவு தூரம்வரை சர்வோக்கள் பிசகின்றி அசைகின்றன என்று அளந்து, பின்பு விமானத்தை ஒருவர் பின்னின்று உறுதியாகப் பிடித்திருக்க, எஞ்சினை ஓடவிட்டு அதே அளவீட்டைத் திரும்பச் செய்ய வேண்டும். டிரான்ஸ்மிட்டரை அணைத்தால் எஞ்சின் தானாகவே தணிகிறதா, நிற்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். எஞ்சின் ஓடும்போது தூரம் குறைந்தாலோ, சர்வோக்களில் ஒரு சிறு நடுக்கம் தெரிந்தாலோ, காரணம் கண்டு நீக்கும்வரை அந்த விமானம் தரையை விட்டு எழக் கூடாது.