சிந்தனையும் மூளையின் உட்பாகங்களும்

சிந்திப்பது மூளையின் மேற்பட்டை மாத்திரமே என்றும், உள்ளே புதைந்துள்ள முடிச்சுகள் கைகால்களை ஏவும் வெறும் ஊழியர் என்றும் நெடுங்காலம் எண்ணப்பட்டது. இக்கொள்கை குறையுடையதென்பதே நமது துணிபு.

மேற்பட்டையினின்று இறங்கும் நரம்புகள் வரியுடல் என்னும் முடிச்சைச் சேர்கின்றன. அங்கிருந்து செய்தியானது வெளிறிய உருண்டை, தலாமஸ் என்பவற்றின் வழியாய் மீண்டும் மேற்பட்டைக்கே ஏறுகின்றது. வெளிறிய உருண்டை தலாமஸை ஓயாது அடக்கிவைத்திருக்கும். வரியுடல் அவ்வடக்கத்தைத் தளர்த்துங்கால் வழி திறக்கும். ஏரி மேலிருப்பினும் மதகு கீழிருப்பது போலாம். நெற்றிப்புறப் பட்டைக்கும் இத்தகைய சுற்றுக்கள் உண்டென்று 1986ஆம் ஆண்டில் அலெக்ஸாண்டர், டிலாங், ஸ்ட்ரிக் என்போர் விளக்கினர்.

அமெரிக்காவில் நௌல்ட்டன், மாங்கெல்ஸ், ஸ்க்வையர் என்போர் 1996ஆம் ஆண்டில் வெளியிட்ட பரீட்சையொன்று இங்கு நோக்கத்தக்கது. உருவம் வரைந்த சீட்டுகளைக் கண்டு மழையா வெயிலா என்று நோயாளர் ஊகித்துச் சொல்லவேண்டும். எச்சீட்டும் முற்றும் மெய் சொல்லாது. (பஞ்சாங்கமும் அப்படித்தானே!) நினைவிழந்தோர், பயின்றதையே மறந்தும், நாளடைவிலன்றி ஐம்பது முறைக்குள்ளாகவே ஊகத்திற் தேறினர். வரியுடலுக்குரிய டோபமைன் குன்றிய பார்க்கின்சன் நோயாளரோ, பயின்றதை நன்கு நினைவுகூர்ந்தும், அந்த 50 முறைகளில் தேறவில்லை.

ஆகவே, இந்நோயுற்ற முதியோர் புதுப் பழக்கமொன்றைக் கைக்கொள்ளத் தடுமாறுங்கால், அதனைப் பிடிவாதமென்று வீட்டார் கடிந்துகொள்வது நியாயமன்று. அவர்க்குச் சொன்னது நினைவிலிருக்கின்றது. பழக்கமாய்ப் படியும் வழியே அடைபட்டுள்ளது.