கண்ணுக்குத் தெரியாத சக்கரம்

எந்திரப் புராணம் – 17

போன வாரம் ரயில் நிலையத்து எடை எந்திரத்தைப் பார்த்தோம். காசு போட்டால் விளக்குகள் சுற்றும், அட்டை விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் நம் குணத்தைப் பற்றி நாமே கூச்சப்படும் அளவுக்கு ஒரு நல்ல வார்த்தை. இந்த வாரம் அதன் பணக்கார ஒன்றுவிட்ட அண்ணனைப் பார்க்கப் போகிறோம். காசு போட்டால் இதிலும் விளக்குகள் சுற்றும். பெரும்பாலும் அதோடு சரி.

ஸ்லாட் மெஷின்.

2025 ஜூலை 1ஆம் தேதி இந்தக் குடும்பத்தில் பெரிய சொத்து ஒன்று கைமாறியது. அப்போலோ என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம் (நம் ஊர் மருத்துவமனைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை) ஐஜிடி என்ற தயாரிப்பு நிறுவனத்தின் கேசினோ எந்திரப் பிரிவையும், எவரி என்ற இன்னொரு தயாரிப்பு நிறுவனத்தையும் சேர்த்து 630 கோடி டாலருக்கு வாங்கி, ஒரே கம்பெனியாக்கி லாஸ் வேகஸில் உட்கார வைத்தது. நம் கணக்கில் 50,000 கோடி ரூபாய்க்கு மேல். ஐஜிடியின் லாட்டரி வியாபாரம் மட்டும் பிரைட்ஸ்டார் என்று பெயர் மாற்றிக்கொண்டு தனிக்குடித்தனம் போய்விட்டது.

இரும்புப் பெட்டி, கண்ணாடித் திரை, நாலு பொத்தான். இதற்கா இவ்வளவு விலை? பெட்டிக்கு இல்லை. பெட்டிக்குள் இருக்கும் ஒரு கணக்குக்கு. அந்தக் கணக்கின் கதைதான் இது.

1890களில் சான் ஃபிரான்சிஸ்கோவில் சார்லஸ் ஃபே என்ற ஜெர்மானிய மெக்கானிக் 'லிபர்ட்டி பெல்' என்ற எந்திரத்தைச் செய்தார். மூன்று சக்கரங்கள், ஒவ்வொன்றிலும் 10 இடங்கள். குதிரை லாடம், டைமண்ட், ஸ்பேட், ஆர்ட்டீன், விரிசல் விட்ட மணி. ஐந்து சென்ட் காசைப் போட்டுக் கைப்பிடியை இழுக்க வேண்டும். மூன்று மணியும் ஒரே வரிசையில் நின்றால் 50 சென்ட். மொத்தச் சேர்க்கைகள் பத்துப் பெருக்கல் பத்துப் பெருக்கல் பத்து, ஆயிரம். எந்தச் சேர்க்கைக்கு எவ்வளவு என்பது கம்பியிலும் பல்சக்கரத்திலும் எழுதப்பட்டிருந்தது. பொறுமையுள்ளவன் சக்கரத்தைப் பார்த்தே தன் வாய்ப்பை எண்ணிவிடலாம். அமெரிக்கர்கள் இதற்கு 'ஒற்றைக்கைக் கொள்ளைக்காரன்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். என்னைக் கேட்டால் அது யோக்கியமான கொள்ளைக்காரன். என்ன செய்யப்போகிறான் என்பதை முகத்திலேயே எழுதி வைத்திருந்தான்.

அந்த யோக்கியதையே தயாரிப்பாளர்களுக்குத் தொல்லையாயிற்று. சக்கரத்துக்கு 22 இடம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று சக்கரத்துக்கு 10,648 சேர்க்கைகள். ஆட்டத்துக்கு ஒரு டாலர் வாங்கினால், 10,648 டாலருக்கு மேல் ஜாக்பாட் வைத்த அன்றே கடையை மூட வேண்டியதுதான். லட்சக்கணக்கில் பரிசு காட்ட வேண்டுமானால் இடங்களைக் கூட்ட வேண்டும். கூட்டினால் சக்கரம் பூசணிக்காய் அளவுக்குப் பெருக்கும். நாலாவது ஐந்தாவது சக்கரம் சேர்த்தாலோ, ஆட வருகிறவன் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவான்: இதில் விழாதப்பா.

முடிச்சை அவிழ்த்தவர் நார்வேயில் பிறந்த இங்கே டெல்னாஸ். (ஆமாம், பெயரே 'இங்கே'தான்.) 1984இல் அவருக்குக் கிடைத்த அமெரிக்கக் காப்புரிமை எண் 4,448,419. அதன் சாரம்: வெளியே சுற்றும் சக்கரம் சும்மா சுற்றட்டும். தீர்ப்பை உள்ளே ஒரு சிப் எழுதிக்கொள்ளும்.

கிட்டே போய்ப் பார்ப்போம். நீங்கள் பார்க்கும் சக்கரத்தில் 22 இடங்கள்: 11 படம், இடையிடையே 11 வெற்றிடம். சிப்புக்குள் 1 முதல் 64 வரை எண்களுள்ள ஒரு பட்டியல். ஒவ்வோர் எண்ணும் வெளியே உள்ள ஏதோ ஓர் இடத்துக்குப் பத்திரம் எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஜாக்பாட் படத்துக்கு ஒரே ஓர் எண். அதற்கு மேலும் கீழும் உள்ள வெற்றிடங்களுக்கு ஆளுக்கு ஐந்து எண். பொத்தானை அழுத்தியதும் சிப் ஓர் எண்ணை எடுக்கிறது, மோட்டார் சக்கரத்தை அந்த எண்ணுக்குரிய இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. கண்ணுக்கு 22இல் ஒன்று, உண்மையில் 64இல் ஒன்று. மூன்று சக்கரமும் சேர்ந்தால் கண்ணுக்கு 10,648இல் ஒன்று, உண்மையில் 2,62,144இல் ஒன்று. எண்கள் உதாரணத்துக்கு நான் வைத்தவை, முறை இதுவேதான்.

இன்னொன்றையும் கவனித்தீர்களா? ஜாக்பாட் படம் பரிசுக் கோட்டில் நிற்பது 64இல் ஒரு தடவை. கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலேயோ கீழேயோ நிற்பது 64இல் பத்துத் தடவை. ‘அடடா, மயிரிழையில் போச்சே’ என்று உட்கார்ந்திருப்பவர் அடுத்த காசை எடுப்பார். எங்கள் ஊர்த் திருவிழாவில் வளையம் போடும் கடை ஒன்று வரும். சோப்பும் சீப்பும் சுலபமாக வளையத்துக்குள் விழும். நடுவில் வைத்த கைக்கடிகாரத்தின் மரக்கட்டையில் மட்டும் வளையம் சரியாக ஒரு மூலையில் தொற்றிக்கொண்டு நிற்கும். என் பத்து வயதுச் சேமிப்பு அந்த மூலையில்தான் போனது. அந்த மூலையைச் சிப்பில் செதுக்கியவர் டெல்னாஸ்.

இதில் ரகசியம் எதுவும் இல்லை என்பதுதான் வேடிக்கை. இருப்பதைவிட அதிக வாய்ப்பு இருப்பதாகத் தோன்றும் எந்திரத்தைச் சட்டத்துக்கு உட்பட்டுச் செய்வது முக்கியம் என்று காப்புரிமை விண்ணப்பமே பச்சையாகச் சொல்கிறது. ஐஜிடி பிறகு அந்தக் காப்புரிமையை விலைக்கு வாங்கியது. போட்டிக் கம்பெனிகள் அதனிடம் உரிமம் பெற்று எந்திரம் செய்தன.

நெவாடா மாநில அதிகாரிகள் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்களா என்றால், பாதிக் கண்ணை. 1980களின் இறுதியில் யுனிவர்சல் என்ற ஜப்பானியக் கம்பெனியின் எந்திரம் அவர்கள் முன் விசாரணைக்கு வந்தது. தோல்வி என்று முடிவான பிறகு, எந்தத் தோல்வியைக் காட்டலாம் என்று அது தேடும். ஏறக்குறைய ஜெயித்தது போன்ற தோல்வியாகப் பொறுக்கிக் கோட்டின் மேலேயே நிறுத்தும். அது கூடாது என்றார்கள். ஆனால் கோட்டுக்கு மேலும் கீழும் படம் தட்டுப்படும் டெல்னாஸ் வழியை விட்டுவிட்டார்கள். இரண்டுக்கும் இடையில் சட்டம் கண்ட வேறுபாடு எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

கணக்குதான் எந்திரம் என்றான பிறகு திருடனும் கணக்கைத் தேடித்தான் வருவான். 2009 ஜூலையில் ரஷ்யா, ஒதுக்கப்பட்ட சில பகுதிகள் தவிர நாடு முழுக்கக் கேசினோக்களை மூடியது. எந்திரங்கள் அடிமாட்டு விலைக்குப் போயின. சிப் எடுக்கும் 'தற்செயல்' எண் அசல் தற்செயல் அல்ல; அதுவும் ஒரு சூத்திரம். வாங்கியவர்களில் சிலர் எந்திரத்தைப் பிரித்துப் போட்டு அந்தச் சூத்திரத்தைப் பிடித்துவிட்டார்கள். 2014இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரக் கேசினோ ஒன்றில் ஆஸ்திரேலிய அரிஸ்டோக்ராட் கம்பெனியின் பழைய எந்திரங்கள் வாங்கியதைவிட அதிகம் கொடுக்கத் தொடங்கின. கேமராவில் பார்த்தால் ஒருவர் செல்போனை எந்திரத்தின் பக்கம் பிடித்தபடி ஆடுகிறார். இரண்டு டஜன் சுற்றுகளைப் படம்பிடித்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கு அனுப்புவார். அங்கே கணக்குப் போட்டு நேரக்குறிப்பைத் திருப்பி அனுப்புவார்கள். அழுத்த வேண்டிய கணத்துக்குக் கால் நொடி முன்னால் போன் அதிரும். சிலர் சிறைக்குப் போனார்கள்.

திருடன் வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்றில்லை. அதே அரிஸ்டோக்ராட் 2024இல் லைட் அண்ட் வொண்டர் என்ற போட்டிக் கம்பெனி மீது நெவாடாவில் வழக்குப் போட்டது. அரிஸ்டோக்ராட்டின் 'டிராகன் லிங்க்' நன்றாக ஓடும் எந்திரம். அங்கிருந்து வேலை மாறிப் போனவர் வழியாக அதன் கணக்கு போட்டியாளரின் 'டிராகன் டிரெயின்' எந்திரத்துக்குப் போய்விட்டது என்பது புகார். அந்த ஆண்டு செப்டம்பரில் நீதிமன்றம் தடை விதித்தது. கேசினோக்களில் வைத்திருந்த டிராகன் டிரெயின்களை எடுக்க வேண்டியதாயிற்று. தடை பெட்டிக்காகவோ படத்துக்காகவோ பாட்டுக்காகவோ விழவில்லை. எத்தனை சுற்றுக்கு எவ்வளவு கொடுப்பது என்ற கணக்குதான் அதற்குக் காரணமான சொத்து.

இந்த லைட் அண்ட் வொண்டர் 2014இல், அப்போது சயின்டிஃபிக் கேம்ஸ் என்ற பெயரோடு, பழம்பெரும் பேலி கம்பெனியை விழுங்கியது. பேலிக்குச் சென்னையில் மென்பொருள் அலுவலகம் இருந்தது. அதுவும் கூடவே போனது. ஆக, வேகஸில் சுழலும் சில சக்கரங்களுக்குப் பின்னால் நம் பிள்ளைகளின் உழைப்பும் இருக்கிறது. 2003இலேயே லாட்டரிச் சீட்டைத் தடை செய்த மாநிலத்தில் உட்கார்ந்து இதைச் செய்கிறார்கள். குற்றமாகச் சொல்லவில்லை. சம்பளம் நல்ல சம்பளம்.

டெல்னாஸின் காப்புரிமை காலாவதியாகிப் பல வருடங்கள் ஆகின்றன. இப்போது யார் வேண்டுமானாலும் அப்படிச் செய்யலாம். வருகிற விடுமுறையில் கோவாவின் கேசினோக் கப்பலுக்குப் போகும் வாசகர்கள் இருப்பீர்கள். எந்திரத்தின் முன் உட்கார்ந்ததும் காசு போடுவதற்கு முன் திரையை நன்றாகப் படியுங்கள். மூன்று படம் விழுந்தால் எவ்வளவு என்று எழுதியிருக்கும். எத்தனை லட்சத்தில் ஒரு முறை விழும் என்று எங்காவது எழுதியிருந்தால் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்.

(தொடரும்)